பத்தடி பின்னால்

ஹகோதாதே
மார்ச் 7, 2004

அன்புள்ள ஹருயேவுக்கு,

நீ அனுப்பிய ஆரஞ்சுப் பெட்டி முந்தாநாள் வந்து சேர்ந்தது. ஒரு பழம்கூட நசுங்கவில்லை. மகன் தெத்சுவோ உட்கார்ந்த இடத்தில் ஆறு பழம் உரித்தான். மருமகள் தோலைக்கூட விடவில்லை, சர்க்கரையில் போட்டு வைத்திருக்கிறாள். இங்கே வாசலில் இன்னும் முழங்கால் அளவு பனி கிடக்கிறது. என் உடம்புக்குக் குறைவில்லை, காது மட்டும் போனது போனதுதான்.

பெட்டிக்குள் இருந்த கடிதம் உன் கையெழுத்து. புத்தாண்டு அட்டையும் உன் கையெழுத்து. என் தம்பிக்குக் கை எங்கே போயிற்று? வேலையில் இருந்தபோது டிராம் டிப்போவில் உட்கார்ந்து மாதம் ஒரு கடிதம் எழுதியவன், ஓய்வு பெற்று நாலு வருஷமான பிறகு நேரமில்லை என்கிறானா? போனில் பேசித் தீர்க்கலாம் என்றால் எனக்குக் கேட்காது. அவனை எழுதச் சொல்.

முக்கியமான விஷயம். வருகிற அக்டோபர் பதினேழு, ஞாயிற்றுக்கிழமை, அப்பாவுக்கு முப்பத்துமூன்றாம் வருஷப் பூசை. அதுதான் கடைசி. அதற்குப் பிறகு அவர் முன்னோர்களோடு சேர்ந்துவிடுவார், தனியாக நாள் பார்க்க வேண்டியதில்லை. நான் வருகிறேன். மூன்று வாரம் இருப்பேன், என் பழைய அறையில்தான். தம்பி மசாருவோடு வட்டத் தடத்து டிராமில் ஊரைச் சுற்ற வேண்டும். தோகோ வெந்நீர்க் குளியல், ஒகாய்தோ கடைத்தெரு, அலுமினியச் சட்டியோடு கொதிக்கக் கொதிக்க வருமே உடோன் நூடுல்ஸ், எல்லாம் வேண்டும். கோயிலில் நாளைச் சொல்லிவைத்துவிடு.

உன் நாத்தனார்,
கினுயோ


மட்சுயாமா
மார்ச் 21

அன்புள்ள அண்ணிக்கு,

உங்கள் கடிதமும், கூடவே வந்த கடற்பாசியும் காய்ந்த கணவாயும் கிடைத்தன. நாங்கள் இருவரும் சௌக்கியம். கோட்டைக் குன்றில் செர்ரி மொட்டு விட்டுவிட்டது. உங்கள் பக்கம் பனி கரைய இன்னும் எத்தனை நாளாகுமோ, வழுக்கி விழாமல் நடங்கள்.

உங்கள் தம்பிக்கு மணிக்கட்டில் வலி. அதனால்தான் நான் எழுதுகிறேன். மற்றபடி ஆள் சுறுசுறுப்பாக இருக்கிறார். டிராம்காரர் வழக்கம் உடம்பை விட்டுப் போகவில்லை. காலையில் எழுந்ததும் வெள்ளைக் கையுறையை மாட்டிக்கொண்டு, கையை நேராக நீட்டி, ஒவ்வொன்றாகக் காட்டிச் சத்தமாகச் சொல்கிறார். "கேஸ், மூடியாச்சு, சரி!" "ஜன்னல், சரி!" "சோறு, வெந்தாச்சு, சரி!" பக்கத்து வீட்டு அம்மா, "உங்க வீட்டுக்காரர் குரல் கேட்டுத்தான் நான் அடுப்பே பத்த வைக்கிறேன்" என்கிறாள்.

இப்போது தினமும் வெளியே கிளம்பிவிடுகிறார். நேற்று ஒகாய்தோ வரைக்கும் போனோம். கடைத்தெருவின் இந்த முனையில் நுழைந்து அந்த முனையில் வந்தோம், பிறகு டிராம் ஏறினோம். அவர் நடை வேகமான நடை. நான் பத்தடி பின்னால் போகிறேன். கூட நடந்தால் அவருக்குப் பிடிப்பதில்லை. ரோட்டைக் கடக்கும் இடங்களில் நின்று, "வலது, சரி! இடது, சரி!" என்று கை காட்டுகிறார். அப்புறம் தோளுக்கு மேலே கையைத் தூக்கி, "பின்னாடி, சரி!" திரும்பிப் பார்ப்பதில்லை, கை மட்டும்தான். பார்த்தால் நான் நிற்பது தெரியும்.

அவர் வட்டத் தடத்தில் ஏறினால் எனக்கு நிம்மதி. ஏறிய இடத்துக்கே கொண்டுவந்து விட்டுவிடும் அல்லவா.

உங்கள் வருகையைப் பற்றிப் பிறகு விவரமாக எழுதுகிறேன்.

வணக்கத்துடன்,
ஹருயே


ஹகோதாதே
ஏப்ரல் 11

அன்புள்ள ஹருயேவுக்கு,

எல்லோரும் நலம். பனி மூலைகளில் மட்டும் அழுக்காக மிச்சமிருக்கிறது.

மணிக்கட்டு வலிக்கிறதாம், ஆனால் சோற்றுப் பானையைப் பார்த்துக் கையை நேராக நீட்டுகிறானாம். அது எந்த ஊர் மணிக்கட்டு? காதுதான் கேட்காது எனக்கு, மூளை நன்றாக வேலை செய்கிறது. சின்ன வயதிலிருந்தே அவனுக்கு எழுத உட்காருவது என்றால் கசப்பு. நான் முதுகில் ஒன்று வைத்தால்தான் பள்ளிக்கூடப் பாடத்தை எழுதுவான். நீ ரொம்பச் செல்லம் கொடுக்கிறாய்.

பூசை விஷயத்தில் நீ ஒரு வரி எழுதவில்லை. கோயிலில் சொன்னாயா? மூன்று வாரம் என்று நான் எழுதியது அதிகமாகத் தெரிந்தால் இரண்டு வாரமாக்கிக்கொள்கிறேன். சமையலுக்கு உனக்குக் கை கொடுப்பேன், உட்கார்ந்து சாப்பிட வரவில்லை.

மசாரு ஒரே ஒரு வரி எழுதட்டும். இடது கையால் எழுதினாலும் பரவாயில்லை.

கினுயோ


மட்சுயாமா
மே 9

அன்புள்ள அண்ணிக்கு,

பதில் எழுதத் தாமதமாகிவிட்டது, மன்னிக்க வேண்டும். வீட்டில் அடுத்தடுத்து வேலை. தெத்சுவோவும் மருமகளும் சுகம்தானே? உங்கள் முழங்கால் எப்படி இருக்கிறது?

போன மாதக் கடைசியில் தோகோவுக்குப் போய்க் குளித்துவிட்டு வந்தோம். ஆண்கள் பக்கம் நான் போக முடியாதே, என் குளியலைச் சீக்கிரம் முடித்துக்கொண்டு வாசலில் நின்றேன். வெகுநேரம் கழித்து வந்தார், முகம் சிவந்து, சந்தோஷமாக. அவர் ஸ்வெட்டருக்கு மேலே இன்னொரு பச்சை ஸ்வெட்டர்! பின்னாலேயே ஒருவர் ஓடி வந்தார்.

"அண்ணே, அண்ணே! அது என்னோடதுங்க!"

உங்கள் தம்பி குனிந்து பார்த்துவிட்டு, "உங்களுதா? எனக்கும்தான் எடுப்பா இருக்கு" என்றார். அந்த மனிதர் கோபிப்பாரோ என்று நான் பயந்தேன், அவர் சிரித்துவிட்டார். திரும்பும்போது டிராமில் அந்தக் கதையைச் சொல்லிச் சொல்லி நான் சிரித்தேன். உங்கள் தம்பி ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தார்.

பூசை விஷயம். நான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். மாமனார் போனது 1972. முப்பத்துமூன்றைக் கூட்டினால் அடுத்த வருஷம்தானே வருகிறது? அவசரப்பட்டு இந்த வருஷம் செய்துவிட்டால் தவறாகிவிடும். அதனால் அடுத்த அக்டோபரில் வைத்துக்கொள்ளலாம் என்று தோன்றுகிறது. நீங்களும் அதற்குள் உடம்பைத் தேற்றிக்கொள்ளலாம்.

உங்கள் யோசனையை எழுதுங்கள்.

ஹருயே


ஹகோதாதே
மே 16

ஹருயே,

உடம்பைத் தேற்றிக்கொள்ள எனக்கு ஒன்றும் வரவில்லை.

இறந்த நாளே முதலாவது என்று எண்ண வேண்டும், அதனால் முப்பத்துமூன்றாவது முப்பத்திரண்டு வருஷத்தில் வரும். இது உனக்குத் தெரியாதா? உன் அம்மாவுக்கு ஏழாவது பூசை செய்தபோது நாளை எண்ணி எனக்கு எழுதியது நீ. பதின்மூன்றாவதற்கும் நீதான் எழுதினாய். அப்போதெல்லாம் சரியாக வந்த கணக்கு என் அப்பாவுக்கு மட்டும் ஏன் தப்பாக வருகிறது?

நேராகக் கேட்கிறேன், நேராகச் சொல். நான் அந்த வீட்டுக்கு வருவது உனக்குப் பிடிக்கவில்லையா? நான் பிறந்த வீடு அது. முப்பத்தேழு வயதுவரை அந்த அடுப்படியில்தான் நின்றேன். நீ 1973-இல் வந்தாய். வந்த நாளிலிருந்து நான் உன்னை ஒரு வார்த்தை கடிந்து பேசியதுண்டா? உண்டு, ஊறுகாய் விஷயத்தில். அது ஒன்றுதான்.

என் தம்பியை விட்டு எழுதச் சொல். உன் கடிதம் எனக்கு வேண்டாம்.

கினுயோ


மட்சுயாமா
ஜூன் 27

அன்புள்ள அண்ணிக்கு,

மழை தொடங்கிவிட்டது. நாங்கள் இருவரும் நன்றாக இருக்கிறோம். அங்கே எல்லோரும் நலமாக இருக்க வேண்டும்.

கணக்கு என் தவறுதான். உங்களைப் பிடிக்காமல் இல்லை. அடுப்படியை இடித்துக் கட்டலாம் என்று ஒரு பேச்சு, உங்கள் அறையில் சாமான்களை அடுக்கி வைத்திருக்கிறோம். அதனால்தான் தயங்கினேன். கோபத்தை விட்டுவிடுங்கள்.

நீங்கள் கேட்டது இத்துடன் இருக்கிறது. "அக்கா உங்க கையால ஒரு வரி கேக்கறாங்க" என்று காகிதமும் பேனாவும் வைத்தேன். மூன்று நாள் தொடவே இல்லை. இன்று காலை அவராகவே உட்கார்ந்து எழுதினார். எனக்கு என்ன சந்தோஷம் என்று சொல்ல முடியாது. எட்டிப் பார்த்தேன், "அக்காவுக்கு எழுதறது உனக்கு எதுக்கு?" என்று கையால் மறைத்துக்கொண்டார். அவரே மடித்து, சின்ன உறைக்குள் போட்டு, ஒட்டி, உறையைக் காட்டி, "ஒட்டியாச்சு, சரி!" என்றார். பிரிக்க எனக்கு மனசு வரவில்லை. அப்படியே வைத்து அனுப்புகிறேன். இனிமேலாவது என்னைத் திட்டாமல் இருப்பீர்கள்.

பெரும்பாலும் வீட்டிலேயே இருக்கிறோம், மழை. ஆனாலும் தினம் ஒரு தடவை குடையோடு வட்டத் தடம் உண்டு.

ஹருயே


ஹகோதாதே
ஜூலை 4

என் அன்பான ஹருயே,

மசாரு எழுதியதை உனக்கு அப்படியே எழுதுகிறேன்.

"அக்கா, நாளைக்கு எனக்கு லீவு. அப்பாவை நான் பாத்துக்கறேன். மத்தியானம் நீ போய்த் தூங்கு. அப்பா டிராம் பக்கம் போனா தடுக்காதே, ஏற விடு. வட்டத்திலேயே சுத்திட்டு வந்துடுவார். எங்க ஆளுங்ககிட்ட சொல்லி வெச்சிருக்கேன். மசாரு."

எழுத்து அவன் எழுத்துதான். குண்டு குண்டாக, கோடு தாண்டாமல். அவனுக்கு இருபத்தைந்து வயது இருக்கும்போது இதே வார்த்தைகளை எனக்குச் சொன்னான். எழுதிக் காட்டவில்லை, அப்போது எனக்குக் காது கேட்கும்.

நீ அப்பாவைப் பார்த்ததில்லை. மறதி முற்றி ஏழு வருஷம் இருந்தார். காலையில் கிளம்பிவிடுவார். கூட நடந்தால் கோபம் வரும், தடியைத் தூக்குவார். பின்னால் வருவது தெரிந்தாலும் கோபம் வரும். அதனால் நான் பத்தடி தள்ளி நடந்தேன். எட்டடி போனால் காலடிச் சத்தம் கேட்கும், பதினைந்தடி போனால் திருப்பத்தில் ஆள் தொலைந்துவிடுவார். பத்தடிதான் சரி. யாரும் சொல்லித் தரவில்லை, நடந்து நடந்து தெரிந்துகொண்டேன். மார்ச்சில் உன் கடிதத்தில் பத்தடி என்று இருந்ததை இரண்டு தடவை படித்தேன். வயதான தம்பதிகள் முன்னே பின்னே நடப்பது சகஜம்தான் என்று கடிதத்தை மடித்து வைத்துவிட்டேன். பச்சை ஸ்வெட்டர் வந்தபோதும் மடித்து வைத்தேன். தெரிந்துகொள்ள எனக்கு இஷ்டமில்லை, ஹருயே. அதனால் உன் மேல் கோபப்பட்டேன். அது சுலபமாக இருந்தது.

இப்போது நான் சொல்வதைச் செய். செருப்புப் போடாதே, ரப்பர் அடி வைத்த ஷூ போடு. பின்னாலிருந்து பேர் சொல்லிக் கூப்பிடாதே, திடுக்கிட்டு ரோட்டில் இறங்கிவிடுவான். முன்னால் போய் எதிரே வருகிற மாதிரி வா, "அட, நீங்களா!" என்று சொல். அவன் தொப்பிக்குள் பேரும் வீட்டு எண்ணும் தைத்து வை. டிராம் ஆட்களிடம் சொல்லிவிடு, வெட்கப்படாதே. அவன் சொல்லிவைக்கவில்லையா அப்பாவுக்காக?

எத்தனை நாளாக? என்னிடம் ஏன் மறைத்தாய்?

கினுயோ


மட்சுயாமா
ஜூலை 19

அன்புள்ள அண்ணிக்கு,

உங்கள் கடிதத்தை அடுப்படியில் நின்றுகொண்டே நான்கு தடவை படித்தேன். அடுப்படியை யாரும் இடிக்கப் போவதில்லை. உங்கள் அறை காலியாகத்தான் இருக்கிறது. வாரம் ஒரு முறை பாயை வெயிலில் போட்டு எடுக்கிறேன்.

போன அக்டோபரில் தெரிய வந்தது. "கேஸ், மூடியாச்சு, சரி!" என்று கை காட்டுகிறார், கைக்கு நேரே அடுப்பு எரிகிறது. கெட்டிலில் தண்ணீர் வற்றி அடி கறுத்துவிட்டது. கண்ணால் பார்த்துவிட்டுத்தான் வாயால் சொல்ல வேண்டும், அதற்காகத்தான் அந்த வழக்கமே என்று கல்யாணமான புதிதில் எனக்குப் பாடம் எடுத்தவர் அவர். அதற்கு முன்னால் இரண்டு தடவை வீட்டுக்கு வழி தெரியாமல் நின்றிருக்கிறார், எனக்குச் சொல்லவில்லை.

நவம்பரில் ஆஸ்பத்திரிக்குப் போனோம். டாக்டர் சொன்னதை இருவரும் கேட்டுக்கொண்டோம். திரும்பும்போது வட்டத் தடத்தில் ஏறி, இறங்க வேண்டிய இடத்தில் இறங்காமல் இன்னொரு சுற்றுச் சுற்றினோம். இரண்டாவது சுற்றில் சொன்னார்:

"அக்காகிட்ட சொல்லாதே. அவ ஒரு தடவை பாத்துட்டா. ஏழு வருஷம். அதுக்காக முப்பத்தேழு வயசுவரைக்கும் கல்யாணம் பண்ணிக்கலை. மறுபடியும் பாக்க வைக்காதே."

"கேட்டா என்ன சொல்ல?"

"ஏதாவது சொல்லு. நீ நல்லாப் பொய் சொல்லுவே."

"நானா? எப்ப சொன்னேன்?"

"என் சமையல் நல்லா இருக்குன்னு சொல்லலையா?"

சிரித்தோம். தெளிந்த புத்தியோடு அவர் என்னிடம் கேட்டுக்கொண்ட கடைசி விஷயம் அது. அதனால் மணிக்கட்டு, கணக்கு, அடுப்படி, எல்லாம் சொன்னேன். உங்களிடம் பொய் சொன்னதற்காக நான் வருந்துகிறேன், அவருக்குக் கொடுத்த வாக்கு போய்விட்டதே என்றும் வருந்துகிறேன். ஆனால் நீங்கள் அந்தக் கடிதத்தைப் பிரித்துவிட்டீர்கள் என்று தெரிந்த அன்று, பல மாதம் கழித்து, மத்தியானம் ஒரு மணி நேரம் தூங்கினேன்.

ரப்பர் அடி ஷூ வாங்கிவிட்டேன். தொப்பியில் தைத்துவிட்டேன். டிராம் டிப்போவுக்குப் போனேன். நான் வாயைத் திறப்பதற்குள், "எங்களுக்குத் தெரியும்மா. மார்ச்சிலேருந்தே பாத்துக்கறோம்" என்றார்கள்.

கோயிலில் அக்டோபர் பதினேழு சொல்லிவிட்டேன். வாருங்கள்.

உங்கள் ஹருயே


ஹகோதாதே
ஆகஸ்ட் 22

ஹருயேவுக்கு,

டிக்கெட் எடுத்தாயிற்று. அக்டோபர் ஒன்பதாம் தேதி கிளம்பி, தோக்கியோவில் தங்கி, ஒகயாமாவில் மாறி, பத்தாம் தேதி மாலை அங்கே வருகிறேன். தெத்சுவோ ஒரு வாரம் முணுமுணுத்தான்.

"காது கேக்காம ரெண்டு நாள் தனியா ரயில்லயா? விமானத்துல போம்மா."

"காதுதான் கேக்காது, கண்ணு தெரியும். ஸ்டேஷன் பேரைப் படிச்சு இறங்கிக்கறேன். வானத்துல என்னத்தைப் படிக்கிறது?"

மசாருவிடம் நான் வருவதை முன்கூட்டிச் சொல்லாதே. நீ வாக்குத் தவறிவிட்டாய் என்று அவன் நினைக்க வேண்டாம். நானே திடீரென்று வந்ததாக இருக்கட்டும்.

அவனுக்கு என்னைத் தெரியாமல் போகலாம் என்று நீ எழுதவில்லை. எழுதாததும் எனக்குப் புரிகிறது. அப்பா கடைசி வருஷத்தில் என்னைப் பார்த்து, "நீங்க யாரு வீட்டுப் பொண்ணு?" என்று கேட்டார். ஒரு தடவை கேட்டாயிற்று. இரண்டாவது தடவை தாங்கிக்கொள்வேன்.

மூன்று வாரத்துக்கு வேண்டிய கடற்பாசி கட்டி வைத்திருக்கிறேன். என் ஷூவும் ரப்பர் அடிதான்.

கினுயோ


ஹகோதாதே
நவம்பர் 7

அன்புள்ள ஹருயேவுக்கு,

பத்திரமாக வந்து சேர்ந்தேன். இங்கே முதல் பனி தூறி நின்றது. ஸ்டேஷனுக்கு வந்த மருமகள் நான் இளைத்துவிட்டதாகச் சொல்கிறாள், நீ என்னைப் பட்டினி போட்டதாக நினைத்திருப்பாள். அவள் கொண்டு வந்த மேல்கோட்டை நான் வாங்கிக்கொள்ளவில்லை, நீ கொடுத்த சால்வையிலேயே வந்தேன்.

உன் எதிரில் சொல்ல முடியாததை இங்கிருந்து எழுதுகிறேன். என்னை நீ புத்தாண்டுவரை இருக்கச் சொன்னாய். இரண்டு தடவை சொன்னாய். நான் தெத்சுவோ தேடுவான் என்றேன். அது என் பொய். உனக்கு மட்டும்தான் வருமா?

பூசை ஒழுங்காக நடந்தது. துறவி மந்திரம் சொல்லி முடிக்கிறவரை மசாரு முழங்கால் மடித்து அசையாமல் உட்கார்ந்தான், ஊதுபத்தியை நெற்றிக்கு நேரே தூக்கி வைத்தான். அப்பா படத்தைப் பார்த்து, "இவரு எங்க வண்டியில வருவாரு" என்றதை நீ எழுதிக் காட்டினாய். சரிதான், வந்தாரே.

ஆனால் இருபத்தோரு நாளில் அவன் ஒரு தடவைகூட என்னை அக்கா என்று கூப்பிடவில்லை. உனக்கு நினைவிருக்கும், டிராமில் என் எதிரே வந்து நின்று, என் முகத்துக்கு நேரே, உதட்டை நன்றாக அசைத்து மரியாதையாகக் கேட்டான்.

"அம்மா, நீங்க எங்க இறங்கணும்?"

"ஹகோதாதே."

"அந்தப் பக்கம் இந்த வண்டி போகாதுங்களே. ஸ்டேஷன்ல இறங்கி விசாரிங்க."

பெட்டி முழுக்கச் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். தாங்கிக்கொள்வேன் என்று எழுதினேன் அல்லவா? தாங்க முடியவில்லை. ஊருக்குத் திரும்பும்போது கடல் பாலம் தாண்டும்வரை அழுதேன். அப்பாவுக்காக இவ்வளவு அழவில்லை. இவனை நான் முதுகில் சுமந்து வளர்த்தேன்.

மூன்று வாரம் உன் பக்கத்தில், அவனுக்குப் பத்தடி பின்னால் நடந்தேன். உனக்குப் பேச்சுத் துணையாக இருந்திருப்பேன், அதுவும் நான் பேச நீ காகிதத்தில் எழுதிக் காட்ட. அவனுக்கு நான் யாருமில்லை. இருந்தாலும் இல்லாவிட்டாலும் அவனுக்கு ஒன்றுதான் என்றால், நான் அங்கே எதற்கு? இதில் உன் மேல் கோபம் எதுவுமில்லை. மறுபடியும் என்னைக் கூப்பிடாதே.

உடம்பைப் பார்த்துக்கொள். உன் ஷூ இடது பக்கம் தேய்கிறது, மாற்று.

கினுயோ


மட்சுயாமா
நவம்பர் 21

அன்புள்ள அண்ணிக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. குளிர் ஏறியிருக்கும், சால்வையை விட்டுவிடாதீர்கள். எனக்குத் தொண்டை கட்டியிருக்கிறது, மற்றபடி சுகம். ஷூ மாற்றிவிட்டேன்.

கூப்பிட வேண்டாம் என்று எழுதியிருந்தீர்கள். நான் கூப்பிடவில்லை. வியாழக்கிழமை நடந்ததை மட்டும் எழுதுகிறேன்.

காலை பத்து மணிக்கு ஒகாய்தோ முனை. அவர் வெள்ளைக் கையுறையோடு நின்று, "வலது, சரி! இடது, சரி!" என்றார். பிறகு வழக்கம்போலத் தோளுக்கு மேலே கையைத் தூக்கி, "பின்னாடி..." என்று இழுத்தார். மேலே சொல்லவில்லை. அப்புறம் திரும்பினார், அண்ணி. முழு உடம்போடு திரும்பி நின்று என்னை நேராகப் பார்த்தார். ஒளிந்துகொள்ள அங்கே ஒரு கம்பம்கூட இல்லை.

விரலை நீட்டி என்னைக் காட்டி, "ஒண்ணு" என்றார். அப்புறம் விரலை என் இடது பக்கம் நகர்த்தினார். நீங்கள் நடக்கும் பக்கம். அங்கே யாருமில்லை. விரலை நீட்டியபடியே நின்றார்.

பச்சை விளக்கு வந்தது, போயிற்று. மறுபடி வந்தது, போயிற்று. பின்னால் நின்றவர்கள் எங்களைச் சுற்றிக்கொண்டு போனார்கள். நான் கிட்டே போனேன்.

"என்னங்க, பச்சை வந்துடுச்சு. போகலாமே?"

"ரெண்டு பேர் வரணும். ஒருத்தர் இன்னும் ஏறலை."

"யாரு?"

"காது கேக்காத அம்மா. மணி அடிச்சாலும் அவங்களுக்குக் கேக்காது. நாமதான் நிக்கணும்."

இருபது நிமிஷம் நின்றோம். நான் பின்னால் வருவது இத்தனை நாளும் அவருக்குத் தெரிந்திருக்கிறது. திரும்பிப் பார்க்காமலே எண்ணியிருக்கிறார். நீங்கள் வந்ததும் இரண்டு என்று எண்ணியிருக்கிறார்.

கடைசியில் கையைப் பிடித்துக் கூட்டி வந்தேன். அவருக்குக் கோபம் வரவில்லை. வெள்ளிக்கிழமையும் அதே முனையில் நின்றார், சனிக்கிழமையும். இன்று மழை, போகவில்லை. கையுறையை மாட்டிக்கொண்டு ஜன்னலருகே உட்கார்ந்திருக்கிறார்.

ஹருயே


ஹகோதாதே
நவம்பர் 26

ஹருயேவுக்கு,

தொண்டைக்கு இஞ்சியும் தேனும் போட்டுக் குடி. இங்கே எல்லோரும் நலம்.

தெத்சுவோவிடம் சொல்லிவிட்டேன். எத்தனை நாளைக்கு என்று கேட்டான், தெரியாது என்றேன். பெட்டி கட்டியாயிற்று, இந்தத் தடவை குளிர்கால உடுப்பும் எடுத்து வைத்திருக்கிறேன். டிசம்பர் நாலாம் தேதி, சனிக்கிழமை, மாலை வண்டியில் வருகிறேன். பாயை வெயிலில் போட்டு வை.

மசாருவிடம் அக்கா வருகிறாள் என்று சொல்ல வேண்டாம். அக்காவாக இருக்க வேண்டும் என்று எனக்கு இப்போது கட்டாயமில்லை. அந்தக் காது கேட்காத அம்மா கிளம்பிவிட்டாள், தூரத்திலிருந்து வருகிறாள், அதனால் தாமதம் என்று மட்டும் சொல். நான் வரும்வரை அவன் வண்டியை எடுக்க வேண்டாம்.

கினுயோ